வக்ஃப் கடை வாடகை

அவரைக் காயில்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மின்விசிறி எரிந்துபோனாலும் சரி, தண்ணீர் மோட்டார் புகைந்துபோனாலும் சரி, பிரித்துப் போட்டு, கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துப் பழையபடி ஓடவைத்துக் கொடுப்பது அவர் தொழில். பள்ளிவாசலை ஒட்டிய கடை வரிசையில் அவருடையது கடைசிக் கடை. கை இரண்டையும் விரித்தால் சுவரில் இடிக்கும் அகலம். அந்த வார்னிஷ் வாடை அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் ஊறிப்போய், அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அது நுழைந்துவிடும் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

அந்த வரிசை முழுக்க வக்ஃப் சொத்து. பிள்ளையில்லாத ஒரு தோல் வியாபாரி, கண்ணை மூடுவதற்கு முன்னால், தன் இடத்தை இறைவன் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போனார். அப்படி எழுதிவைத்ததை யாரும் விற்க முடியாது, வாரிசு என்று யாரும் வந்து நிற்க முடியாது. இடம் இடமாகவே நிற்கும். அதில் வரும் வருமானம் அவர் சொன்ன காரியத்துக்குப் போகும். அவர் சொன்ன காரியம் ஏழை நோயாளிகளுக்கு வைத்தியம். வருகிறவர் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது என்றும் சேர்த்தே எழுதியிருந்தார்.

எழுதியது அப்படி. நடந்தது வேறு. வக்ஃபைக் கவனிக்கும் பொறுப்பில் நெடுநாள் இருந்த முத்தவல்லி, கடை கொடுக்கும்போது ஒரு தொகையைக் கைமறைவாக வாங்கிக்கொள்வார். வாடகையைப் பெயருக்கு எழுதிக்கொள்வார். கடைக்காரர்களுக்கும் அது கசக்கவில்லை. காயில்காரர் கொடுத்த மாத வாடகைக்கு ஒரு மின்விசிறிக்குக் கம்பி வாங்க முடியாது. பள்ளிவாசலின் பின்புறம் இருந்த வைத்தியசாலையில் ஒரு கம்பவுண்டர் உட்கார்ந்து, தலைவலி என்றாலும் கால்வலி என்றாலும் அதே வெள்ளை மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த முத்தவல்லி இறந்த பிறகு புதியவர் வந்தார். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் விறைப்பாகக் கஞ்சி போட்ட சட்டை. பேச்சும் அதே விறைப்பு. முதல் வாரத்திலேயே கடைக்காரர்கள் அவருக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கஞ்சிச்சட்டை வெள்ளை மாத்திரை வைத்தியத்தை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கப்போவதாகச் சொன்னார். இயந்திரங்கள் வாங்க வசதி உள்ளவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். ஆனால் இயந்திரத்தை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அதற்குக் குழாய், வடிகட்டி, சுத்தமான தண்ணீர், கரண்ட், நர்ஸுகளின் சம்பளம் என்று மாதாமாதம் வேண்டும். வசதி உள்ளவர்கள் வருடாவருடம் ஏழைகளுக்கென்று ஒதுக்கும் ஜகாத் பணத்தில் செய்யலாமே என்று, அவர் கூட்டிய கடைக்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஜகாத் ஏழையின் கைக்குப் போய்ச் சேரவேண்டிய பணம், அதில் நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம், பஸ் செலவுக்குக் கொடுக்கலாம், கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் அதைத் தொட மாட்டேன் என்று கஞ்சிச்சட்டை சொல்லிவிட்டார்.

“ஜகாத் மழை மாதிரி. பெய்யுறப்ப பெய்யும். வக்ஃபுதான் கிணறு. தினம் தண்ணி வேணும்னா கிணத்தத் தூர் வாரணும்” என்றார்.

தூர் வாருவது என்றால் வாடகையை ஏற்றுவது. அதைச் சொன்னதுமே கூட்டத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை.

கூச்சலைத் தொடங்கியவர் செருப்புக்கடை முதலாளி. வரிசையில் நடுவே நான்கு கடைகள் அவர் கையில் இருந்தன. ஒன்றில் மட்டும் அவர் செருப்பு விற்றார். மற்றவற்றை வேறு ஆட்களுக்கு உள்வாடகைக்கு விட்டு, வக்ஃபுக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார். அது ஊரறிந்த இரகசியம். வழக்குப் போடலாம் என்று கடைக்காரர்களைக் கூட்டியவரும் அவர்தான். ஆனால் வழக்கில் முதல் பெயராகத் தன் பெயரைப் போடவில்லை. காயில்காரரின் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, உங்க பேரு முதல்ல இருந்தா ஜட்ஜுக்கே மனசு இளகும். கைத்தொழில் பண்ற ஆளு, சின்னக் கடை. எனக்காகக் கேக்கல, உங்களுக்காகத்தான் சொல்றேன்” என்றார்.

காயில்காரர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் அன்றைக்கு அவர் ஏமாந்துபோய்க் கையெழுத்துப் போட்டார் என்று சொல்ல முடியாது. செருப்புக்கடைக்காரர் யாருக்காகப் பேசுகிறார் என்று அவருக்குத் தெரியும். வாடகை ஏறினால் தன் கதி என்ன என்பதும் தெரியும். மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. கை வறண்டு கிடந்தது. பழைய முத்தவல்லி தின்றதை புதியவர் மட்டும் தின்னாமலா இருக்கப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் வாடகை உயர்வுக்குத் தடை போட்டது. செருப்புக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நிலையம் எப்படியோ தொடங்கியது. வழக்கு எல்லா வழக்கையும்போல நகர்ந்தது. வருடங்கள் போயின.

காயில்காரரின் மனைவி சும்மா இருக்கத் தெரியாதவள். வீட்டில் தையல் வேலை, பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கும் சிரிப்பு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். ஒருநாள் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. “அழகு கூடிக்கிட்டே போகுது, கண்ணு வெச்சிடாதீங்க” என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நெடுநாள் போட்ட வலி மாத்திரையால் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறையப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இனி இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே காத்திருப்போர் வரிசை நீளம், தனியாரிடம் போனால் வீட்டை விற்றாலும் ஒரு வருடம் தாங்காது. வீடே வாடகை வீடு.

தன் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வக்ஃப் நிலையத்துக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக் காகிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அந்த வாசலைத் தாண்டித் தாண்டி நடந்தார். கடைசியில் மனைவிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கஞ்சிச்சட்டை காகிதங்களை வாங்கிப் பார்த்தார். காயில்காரர்தான் வழக்கைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“அது கோர்ட் விஷயம் பாய், அங்க பேசிக்கலாம்” என்றார் கஞ்சிச்சட்டை. “எழுதிவெச்சவரு நோயாளியோட புருஷன் யாருன்னு விசாரிக்கச் சொல்லல. செவ்வாயும் சனியும் கூட்டிட்டு வாங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வெளியே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்கு நடந்தார்.

நிலையம் ஒரு நீள அறை. சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள், பக்கத்தில் ஆளுயர இயந்திரங்கள். நோயாளியின் இரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியும். காயில்காரர் அதைப் பார்க்க மாட்டார். அவள் பார்த்துக்கொண்டே பேசுவாள். அடுத்த நாற்காலியில் பள்ளி வேன் ஓட்டிய ஒருவர், அதற்கடுத்து மார்க்கெட்டில் பூண்டு உரித்துப் பிழைத்த ஒரு பெண். எல்லோருக்கும் அவள் ஒரு பெயர் வைத்தாள். நர்ஸுக்குக் கல்யாணம் பேசினாள். ஊசி குத்திக் குத்திக் கை புடைத்துப்போனபோது, காயில் சுத்துன மாதிரி இருக்கு, உங்க தொழில எனக்கும் கத்துக்குடுத்துட்டாங்க என்று புருஷனிடம் காட்டினாள்.

வாரத்தில் இருமுறைதான் நிலையத்தால் முடிந்தது. மூன்று முறை செய்ய வேண்டும் என்பது டாக்டருக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். இடைப்பட்ட நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். தாகம் தாங்காமல் ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டு அவள் படுத்திருப்பாள். ஏன் மூன்று முறை முடியாது என்று அவள் நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். நர்ஸ் புதிதாக வந்தவள், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது. கடை வாடகை கோர்ட்டில் சிக்கிக் கிடக்கிறது, அது வந்தால் இன்னொரு ஷிஃப்ட் போடலாம் என்று யதார்த்தமாகச் சொல்லிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவர் தண்ணீர் அளந்து ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்தக் கேஸு உங்க பேர்லதான இருக்கு?”

அளந்த தண்ணீரை அவர் கட்டிலருகே வைத்தார்.

“உங்களத் திட்டறேன்னு நெனைக்காதீங்க. அந்தப் பூண்டுக்காரம்மா மூஞ்சியப் பாத்து உக்காந்திருக்க முடியல, அதான். அவளுக்கு விஷயம் தெரியாது. நல்லா இருக்கியான்னு என்னைக் கேக்குறா.”

மறுநாள் அவர் செருப்புக்கடைக்குப் போனார். வழக்கிலிருந்து விலகப்போவதாகச் சொன்னார். முதலாளி முதலில் சிரித்தார். பிறகு உட்காரவைத்து, மனைவி நிலைமைக்கு வருத்தப்பட்டு, வேண்டுமானால் மருத்துவச் செலவுக்குத் தானே ஏதாவது தருவதாகச் சொன்னார். காயில்காரர் வேண்டாம் என்றதும் பேச்சு மாறியது.

“விலகுங்க. யாரு புடிச்சா? ஆனா புது வாடகைய எங்கேர்ந்து குடுப்பீங்க? நாளைக்கு அந்தக் கஞ்சிச்சட்டை கடையக் காலி பண்ணச் சொல்வான், அப்ப இந்தப் பக்கம் வந்து நிக்காதீங்க.”

அவர் விலகினார். அதனால் வழக்கு நின்றுவிடாது, முதல் பெயர் போய்விட்டால் வேறொரு பெயர் முதலாகும் என்றார் வக்கீல். அப்படித்தான் ஆயிற்று. ஒருவர் மனம் மாறியதால் மலை நகர்ந்துவிடவில்லை.

புது வாடகையைப் பற்றிப் பேசக் கஞ்சிச்சட்டையிடம் போனார். கஞ்சிச்சட்டை சொன்ன தொகை அவர் பயந்ததில் பாதிகூட இல்லை. கைத்தொழில் செய்கிற சின்னக் கடைகளுக்கு வருமானத்தைப் பார்த்து வாடகை, மற்றவர்களுக்குச் சந்தை வாடகை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்களாம்.

“இத ஏன் சொல்லல?” என்றார் காயில்காரர்.

“சொன்னேன் பாய். அன்னைக்குக் கூட்டத்துல நின்னு சொன்னேன். கத்துனீங்க எல்லாரும்.”

அவரும் கத்தியிருந்தார். அது நினைவுக்கு வந்தது.

அந்த வாடகையைக் கொடுக்க ஆரம்பித்ததும், வரிசையில் அவரோடு யாரும் பேசுவதில்லை. பாத்திரக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொதுக் குழாயில் அவர் கடைக்கு வந்த தண்ணீர் நின்றது. மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம், அந்த ஆள் இப்போது கம்பியில் கலப்படம் செய்கிறான் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. வக்ஃப் குழுவின் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து ஒரு தொகை வாங்கிச் செம்புக் கம்பி வாங்கிப் போட்டார். வட்டி இல்லை என்பதால் மூச்சு முட்டவில்லை; ஆனால் அசலைத் திருப்பவே வேலை வரவில்லை. கம்பி சுருள் சுருளாக அலமாரியில் கிடந்தது.

மழைக்காலம் தொடங்கியது. நிலையத்தின் தண்ணீர் சுத்திகரிக்கும் பம்பு, ஈரத்தில் எரிந்துபோனது. தண்ணீர் இல்லாவிட்டால் ஒரு இயந்திரமும் ஓடாது. காயில்காரர் அதைப் பிரித்து, ஒரே மூச்சில் சுற்றிக் கட்டி மறுநாள் மத்தியானம் ஓடவைத்தார். கூலி வேண்டாம் என்றார். கஞ்சிச்சட்டை ரசீது எழுதிக் கூலியை மேஜைமேல் வைத்தார். இங்கே ஒருத்தர் சும்மா செய்தால் நாளைக்கு இன்னொருத்தர் சும்மா கேட்பார் என்றார்.

பம்பு ஓடியது. ஆனால் அதற்குள் ஒரு நாள் முறை எல்லோருக்கும் தள்ளிப்போய்விட்டது. அந்த ஒருநாள் அவளுடைய நாள். அடுத்து இடம் கிடைத்த நாளில் ஊர் முழுக்கத் தண்ணீர். ஆட்டோ எதுவும் வரவில்லை. அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயால் மூச்சு இழுத்தாள். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. வேன் ஓட்டிய நோயாளிக்குப் போன் போட்டார். அவர் தன் மகனிடம் சொல்லி வண்டியை அனுப்பினார். தண்ணீரில் வண்டி மெதுவாக வந்தது.

வண்டியில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இருந்தது. “சட்டைய மாத்திட்டு வரக்கூடாதா, வார்னிஷ் வாடை” என்றாள். நிலையத்து வாசலில் இறக்கியபோது நினைவு இல்லை. நர்ஸ் ஓடிவந்தாள். நாற்காலியில் வைத்து, குழாயை மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

மகள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பிவந்து உட்கார்ந்திருந்தபோது, அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“மூணு தடவ குடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கன்னு நர்ஸக்கா சொல்றாங்க. அந்த மூணாவது தடவைய நிறுத்துனது யாரு அத்தா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தான்மா” என்றார். யாரோ ஒரு பெரியவர், ஆயுள் அவ்வளவுதான், இறைவன் நாட்டம் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நெடுநாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. இவர் போட்டால் மருமகன்தான் எடுப்பார். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

வழக்கு சாட்சிக்கு வந்தபோது, உள்வாடகை விஷயத்தைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. உள்வாடகைக்கு இருந்தவர்களுக்கே வயிற்றுப்பிழைப்புப் பயம். காயில்காரர் போய்க் கூண்டில் ஏறினார். எந்தக் கடை யார் கையில், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததைச் சொன்னார். செருப்புக்கடைக்காரரின் வக்கீல் அவரை விடவில்லை. வழக்குப் போட்டதே நீங்கள்தானே, அன்றைக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்டார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

“என் வாடகை கம்மியா இருந்துச்சு. மத்தவன் திங்கறதப் பத்தி எனக்கென்னன்னு இருந்துட்டேன்.”

“இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

நீதிபதி அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொன்னார்.

தீர்ப்பு வக்ஃபுக்குச் சாதகமாக வந்தது. செருப்புக்கடைக்காரர் மேல்முறையீடு என்று கொஞ்ச நாள் குதித்துவிட்டு, பிறகு சமரசத்துக்கு வந்தார். ஒரு கடையை வைத்துக்கொண்டு சந்தை வாடகை கட்டினார், மற்றவற்றை விட்டார். அதில் உள்வாடகைக்கு இருந்தவர்களுக்கே கஞ்சிச்சட்டை நேரடியாக எழுதிக்கொடுத்தார். அவர்கள் முன்பு கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள், வக்ஃபுக்கோ முன்பைவிட அதிகமாக வந்தது. இடையில் இருந்த வாய் மட்டும்தான் நின்றது. நிலையத்தில் இன்னொரு ஷிஃப்ட் போட்டார்கள். பூண்டு உரித்த பெண்ணுக்கு வாரம் மூன்று முறை கிடைத்தது. வேன் ஓட்டியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

காயில்காரருக்கு எதுவும் திரும்பி வரவில்லை. போன வாடிக்கைக்காரர்களில் சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. கடனை மட்டும் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார். ஒவ்வொரு மாதமும் வாடகை கட்ட அந்த நீள அறையைக் கடந்துதான் போக வேண்டும். அவள் உட்கார்ந்த நாற்காலியில் புதிதாக யாராவது இருப்பார்கள். அவர் நிற்காமல் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறுவார். பெருநாளுக்கு மட்டும் மகள் போன் செய்ய ஆரம்பித்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பார். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. ஆனால் அவளும் உடனே வைத்துவிட மாட்டாள்.

போன மாதம் பக்கத்துக் கடைக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் ஒருவர் புதிதாக வந்தார். சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, வக்ஃப் கடை என்றால் சும்மா கிடைக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு கேட்கிறார்களே, கொஞ்சம் இழுத்தடித்தால் குறைப்பார்களா என்று காயில்காரரிடம் விசாரித்தார்.

காயில்காரர் சுற்றிக்கொண்டிருந்த கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மாசப் பொறப்புலயே கட்டிடுங்க தம்பி. தள்ளிப்போட்டா அங்க ஷிஃப்டு நின்னுடும்” என்றார்.

என்ன ஷிஃப்டு என்று அந்த ஆள் கேட்டார். பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த சுற்றைப் போட்டார்.